வாலாஜா ரோடு: ஊருக்கும் நிலையத்திற்கும் இடையே

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் புகைவண்டி 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் சென்னை இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. பம்பாய்க்கும் தானாவுக்கும் இடையே இந்நாட்டின் முதல் பயணிகள் வண்டி ஓடி அப்பொழுது மூன்று ஆண்டுகளே கழிந்திருந்தன. இராயபுரத்தில் புறப்பட்ட அவ்வண்டி எந்த ஊரைச் சென்று சேர்ந்தது என்று வினவினால் நம் மாணவர்களுள் பலர் விடை கூறத் தயங்குவர். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஓடி அது வந்து நின்ற இடம் நம் ராணிப்பேட்டைக்கு அண்மையிலுள்ள வாலாஜா ரோடு நிலையமேயாகும். தென்னாட்டின் இருப்புப்பாதை வரலாறு நம் வாயிலில் வந்து முடிந்து, நம் வாயிலிலிருந்து மேற்கே தொடர்ந்த வரலாறு எனலாம்.

இப்பெருமையை மேடைதோறும் எடுத்துரைப்போர் உளர். கேட்டு மகிழ்வோரும் உளர். ஆயினும் அந்நிலையத்தின் பெயரிலுள்ள இரண்டாம் சொல்லை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. முதற்சொல் நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயரால் அமைந்த வாலாஜாபேட்டையைக் குறிப்பது. 'ரோடு' என்னும் பின்னொட்டு எதற்கு? ஊருக்குள் நிலையத்தை அமைக்க இயலாதபோது, அவ்வூருக்குச் செல்லும் சாலை தொடங்குமிடத்தில் நிலையத்தை எழுப்பி, ஊர்ப்பெயருடன் 'ரோடு' என்று சேர்த்து எழுதுவது பழைய இருப்புப்பாதை வழக்கம். கொடைக்கானல் ரோட்டில் இறங்குபவர் கொடைக்கானலைக் காண ஏறத்தாழ 80 கிலோமீட்டர் மலைவழி ஏற வேண்டும். நம் பகுதியிலேயே ஆரணி ரோடு என்னும் நிலையமும் உண்டு. சோளிங்கபுரத்தின் பெயர் தாங்கிய நிலையமோ பாணாவரத்தில் நிற்கிறது. அதன் பெயரில் 'ரோடு' என்னும் எச்சரிக்கைச் சொல்லும் இல்லை.

ஆகவே 'ரோடு' என்பது ஓர் ஒப்புதல் வாக்குமூலம். "உம்மை இதுவரை கொண்டுவந்து சேர்த்தோம், இனி உள்ள வழி உம்முடையது" என்று இரயில் நிர்வாகம் பயணியிடம் கூறும் சொல் அது. அந்த 'இனி உள்ள வழி' யாருடைய பொறுப்பு என்னும் வினாவை முன்வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாதை வடக்கே, ஊர்கள் தெற்கே

இந்நிலை ஏன் ஏற்பட்டது என்பதை அறிந்துகொள்ளுதல் நன்று. அன்றைய மெட்ராஸ் இரயில்வே கம்பெனியின் இலக்கு ஆற்காடோ வேலூரோ அன்று. கிழக்குக் கடற்கரையை மேற்குக் கடற்கரையோடு இணைப்பதே அதன் இலக்கு. 1862ஆம் ஆண்டில் அப்பாதை மலபாரின் பேப்பூரை எட்டியது. 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குக் கிளை சென்றது. நெடுந்தொலைவை நோக்கிச் செல்லும் பாதை சமநிலம் தேடியும் செலவு குறைத்தும் செல்வது இயல்பு. பாலாற்றின் தென்கரையில் ஆற்காடும் வேலூரும் இருக்கின்றன. வடகரையை ஒட்டி ராணிப்பேட்டையும் வாலாஜாபேட்டையும் இருக்கின்றன. பாதையோ இவை அனைத்திற்கும் வடக்கே விலகிச் சென்றது. அதனால்தான் வேலூருக்குரிய பெரிய நிலையம் ஆற்றுக்கு அப்பால் காட்பாடியில் அமைந்தது. நமக்குரிய நிலையம் 'ரோடு' ஆயிற்று.

அக்காலப் பொறியாளர்களைக் குறை கூறுவதில் பொருளில்லை. அன்றைய பயணிக்கு அந்த இடைவெளி பெரிதாகத் தோன்றியிராது. மாட்டு வண்டியிலும் ஜட்காவிலும் நாள் முழுதும் செல்லப் பழகியவருக்குச் சில கிலோமீட்டர் ஒரு பொருட்டன்று. ஆனால் ஒரு நூற்றாண்டும் அரை நூற்றாண்டும் கடந்துவிட்டன. புகைவண்டி மின்வண்டி ஆயிற்று. 2022ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் தென்னிந்தியாவின் முதல் வந்தே பாரத் வண்டி சென்னையிலிருந்து மைசூருக்கு இதே பாதையில் ஓடத் தொடங்கியது. தென்னாட்டின் முதல் வண்டி வந்து நின்ற நிலையத்தை அது நில்லாமல் கடந்து காட்பாடிக்குச் சென்றது. வண்டியின் விரைவு பன்மடங்கு பெருகியது. நிலையத்திற்கும் ஊருக்கும் இடையிலுள்ள வழி மட்டும் அவரவர் பாடாகவே நின்றுவிட்டது.

இடையில் வேறொரு மாற்றமும் நிகழ்ந்துள்ளது. 2019ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் வேலூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து ராணிப்பேட்டை மாவட்டம் உருவாயிற்று. அரக்கோணம், நெமிலி, சோளிங்கபுரம் ஆகிய பகுதி மக்கள் தம் மனுக்களோடு ஆட்சியர் அலுவலகத்தை நாடி ராணிப்பேட்டைக்கு வரவேண்டியவராயினர். அரக்கோணம் பெரிய இரயில் சந்திப்பு. அங்கிருந்து வருபவருக்கு இரயிலே மலிவான வாகனம். ஆயினும் மாவட்டத் தலைநகரில் பயணிகள் வண்டி வந்து நிற்பதில்லை. வாலாஜா ரோட்டிலிருந்து ராணிப்பேட்டைக்கு ஒரு கிளைப்பாதை உண்டு; அதன் பயன் சரக்கோடு நின்றது. திண்டிவனத்தையும் நகரியையும் இணைக்கும் புதிய பாதை, வந்தவாசி, செய்யாறு, ஆற்காடு, ராணிப்பேட்டை வழியாக அமையுமென 2006-07ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்றது. அன்று பிறந்த குழந்தை கல்லூரிப் படிப்புக்கு வந்துவிட்ட பின்னும் அப்பாதை முழுமை பெறவில்லை. எனவே முதியோர் உதவித்தொகைக்கு மனுக் கொடுக்க வரும் மூதாட்டியும் வாலாஜா ரோட்டில் இறங்கி, எஞ்சிய வழிக்கு வாகனம் தேட வேண்டியவராகிறார்.

எழுதப்படாத இழப்புகள்

இவ்வழியைக் கடப்போர் யாவர்? ஏலகிரி விரைவு வண்டியில் விடியலில் சென்னைக்குச் சென்று இரவு திரும்பும் அலுவலர்கள் ஒரு சாரார். தோல் தொழிலகங்களிலும் 'ஷூ கம்பெனி' எனப்படும் காலணித் தொழிற்சாலைகளிலும் பணிபுரியும் பெண்கள் மற்றொரு சாரார். சிப்காட் தொழிற்பேட்டைக்கும் பாரத மிகுமின் நிறுவனத்துக்கும் செல்வோர், கல்லூரி மாணவ மாணவியர், மருத்துவமனைகளை நாடி வருவோர் எனப் பட்டியல் நீளும். வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் இரண்டு நாள் இரயிலில் அமர்ந்து காட்பாடியில் இறங்கும் நோயாளர்களை நாம் அன்றாடம் காண்கிறோம். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நம்பி வருபவர்கள் அவர்கள். மொழியறியாத ஊரில், நோயுற்றவரைத் தோளில் தாங்கியவாறு, முதன்முதலில் அவர்கள் பேரம் பேச வேண்டியிருப்பது நிலைய வாயிலிலுள்ள வண்டிக்காரரிடம். அந்தப் பேரம் எப்படி முடிகிறதோ அதுவே இவ்வூரைப் பற்றி அவர்கள் கொள்ளும் முதற்கருத்தாகிறது.

நிலையத்திற்குச் செல்லும் ஆட்டோ கட்டணம், குறுந்தொலைவு இரயில் பயணச்சீட்டின் விலையைக் காட்டிலும் மிகுதி என்பது பயணம் செய்வோர் அனைவரும் அறிந்ததே. மாதச் சீட்டு எடுத்தவருக்கு இரயிலின் செலவு ஒரு நாளுக்குச் சில ரூபாய்களே. நிலையத்தை அடையும் செலவோ அதனினும் பன்மடங்கு. ஆகவே இருசக்கர வாகனம் உடையவர் அதனை நிலையத்தில் நிறுத்திச் செல்கிறார். அஃது இல்லாதவர் பங்கு ஆட்டோ நிறையும்வரை காத்திருக்கிறார். அதற்கும் இயலாதவர் நடக்கிறார்.

பணத்தினும் பெரிய இழப்பொன்று உண்டு. மேற்படிப்புக்கு இடம் கிடைத்த ஒரு மாணவியின் வீட்டில் நிகழும் உரையாடலை எண்ணிப் பாருங்கள். படிப்பு நல்லது என்பதில் தந்தைக்கு ஐயமில்லை. கட்டணத்தையும் எப்படியோ திரட்டிவிடலாம். "இரவு வண்டியில் வந்து இறங்கினால் நிலையத்திலிருந்து வீட்டுக்கு யார் அழைத்து வருவார்?" என்னும் வினாவில்தான் அவ்வுரையாடல் நின்றுவிடுகிறது. அண்ணன் வெளிநாட்டில் இருக்கிறான். தந்தைக்குக் கடையை விட்டு வர இயலாது. அம்மாணவி அருகிலுள்ள ஏதோ ஒரு படிப்பில் சேர்கிறாள். அல்லது படிப்பையே நிறுத்துகிறாள். சென்னையில் கிடைத்த வேலையை ஏற்காமல் விடும் பெண்களின் கதையும் இதுவே. எடுக்காத பயணச்சீட்டுக்குக் கணக்கில்லை. எனவே இரயில் நிர்வாகத்தின் ஏட்டிலோ போக்குவரத்துக் கழகத்தின் ஏட்டிலோ இவ்விழப்பு ஒருபோதும் பதிவாவதில்லை. பெண்கல்விக்காக உழைக்கும் நம் கல்வி நிறுவனங்கள் இதனைத் தம் கணக்கில் எழுதிக்கொள்ளுதல் வேண்டும்.

நடைமேடையிலிருந்து பெட்டி வரை

நிலையத்தை அடைந்துவிட்டால் துன்பம் தீர்ந்தது என்று எண்ணிவிட இயலாது. நம் நாட்டில் உயர்தள நடைமேடை என்பது தண்டவாள மட்டத்திலிருந்து 76 முதல் 84 சென்டிமீட்டர் உயரமுடையது. இரயில் பெட்டியின் தளமோ ஒரு மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ளது. ஆதலால் உயர்ந்த நடைமேடையிலும் படியேறித்தான் பெட்டிக்குள் புக வேண்டும். தாழ்ந்த நடைமேடையில் அது ஏணி ஏறுவதற்கு ஒப்பாகும். மறுபக்க நடைமேடைக்குச் செல்ல நடைமேம்பாலத்தின் படிகள். பேருந்திலும் படிகள். முழங்கால் வலியுடைய முதியவர், கருவுற்ற பெண், கைக்குழந்தையோடு வருபவர், சக்கர நாற்காலியில் இருப்பவர், வெண்கோல் ஊன்றி நடக்கும் பார்வையற்ற மாணவர் ஆகிய அனைவருக்கும் பயணத்தின் கடினமான பகுதி இந்தச் சில அடிகளே.

இதனைச் சலுகையாகக் கேட்கும் காலம் கடந்துவிட்டது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பேருந்து நிறுத்தங்களும் இரயில் நிலையங்களும் வாகனங்களும் அனைவரும் அணுகத்தக்கனவாக அமைய வேண்டுமென விதிக்கிறது. இது குறித்து 2017ஆம் ஆண்டு டிசம்பரில் விரிவான ஆணைகள் பிறப்பித்த உச்ச நீதிமன்றம், 2024ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் தந்த தீர்ப்பில், அணுகல் தரங்களை அறிவுரையளவில் விட்டுவிடலாகாது, கட்டாய விதிகளாகவே வகுக்க வேண்டும் என்று அரசைப் பணித்தது.

கட்டும்போதே எண்ணிச் செய்தால் இது அரிய செயலன்று என்பதற்குச் சென்னையே சான்று. 1995ஆம் ஆண்டில் கடற்கரைக்கும் சேப்பாக்கத்திற்கும் இடையே பறக்கும் இரயில் தொடங்கியது. அதன் உயர்ந்த நிலையங்களில் படியேற இயலாதோர் பட்ட துன்பத்தை அந்நகரத்தார் நன்கறிவர். இருபது ஆண்டுகள் கழித்து 2015ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே மெட்ரோ இரயில் ஓடியபோது, மின்தூக்கியும், பார்வையற்றோர் கால்களால் உணர்ந்து நடக்கும் புடைப்புத் தளமும், பெட்டியின் தளத்தோடு ஒத்த நடைமேடையும் தொடக்க நாளிலேயே இருந்தன. 2024ஆம் ஆண்டில் தாழ்தளப் பேருந்துகளும் சென்னையில் ஓடத் தொடங்கின. பெருநகருக்குக் கிடைத்தது சிறுநகருக்கும் கிடைக்க வேண்டும். முழங்கால் வலி எல்லா ஊரிலும் ஒன்றே அன்றோ?

மூவர் கைப்பொருள்

இத்துணை வெளிப்படையான குறை ஏன் தீராமல் நிற்கிறது? எவருக்கும் நல்லெண்ணம் இல்லை என்று கூறிவிடுவது எளிது, அது உண்மையன்று. நிலையமும் அதன் முன்றிலும் மைய அரசின் தெற்கு இரயில்வேக்கு உரியன. பேருந்து, மாநில அரசின் போக்குவரத்துக் கழகத்துக்கு உரியது. வேலூரைத் தலைமையிடமாகக் கொண்டு பட்டுக்கோட்டை அழகிரி போக்குவரத்துக் கழகம் இயங்கியதைப் பெரியோர்கள் நினைவிற் கொண்டிருப்பர். 1997ஆம் ஆண்டின் பெயர் மாற்றத்திற்குப் பின் இப்பகுதிப் பேருந்துகள் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் விழுப்புரம் கோட்டத்தில் அடங்கின. இடைப்பட்ட சாலையும் விளக்கும் நெடுஞ்சாலைத் துறை, நகராட்சி, ஊராட்சி ஆகியவற்றின் கையில் உள்ளன. இரயில் கால அட்டவணை எழுதுபவர் பேருந்தை அறியார். பேருந்து அட்டவணை எழுதுபவர் இரயிலை அறியார். இருவரும் தத்தம் கடமையைக் குறைவறச் செய்தாலும், வண்டி வந்து நின்ற வேளையில் பேருந்து புறப்பட்டுப் போயிருக்கும்.

இது சிறு ஊர்களுக்கு மட்டுமே உரிய குறையன்று. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் சென்னைக்கு வெளியே கிளாம்பாக்கத்தில் மாபெரும் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. அதன் எதிரே, சாலைக்கு அப்பால், புறநகர் மின்வண்டிப் பாதை ஓடுகிறது. முனையம் திறந்த நாளில் அப்பாதையில் அவ்விடத்தே நிலையம் இருக்கவில்லை. வண்டியைக் கண்ணால் கண்டும் ஏற இயலாத நிலை. சென்னையில் போக்குவரத்து அமைப்புகளை ஒருங்கிணைக்க 2010ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டிருந்தும் இவ்வாறு நேர்ந்தது. ஒருங்கிணைக்கும் ஆணையமே இல்லாத நம் மாவட்டத்தில் யாரும் கேளாமல் இது நிகழ்ந்துவிடும் என எதிர்பார்த்தல் இயலாது.

வேறு விதமாகவும் செய்யலாம் என்பதற்குச் சுவிட்சர்லாந்து எடுத்துக்காட்டு. ஈழத்தமிழர் பலர் குடியேறி வாழும் அந்நாட்டில் 1982ஆம் ஆண்டு முதல் இரயில்கள் ஒவ்வொரு மணி நேரத்திலும் குறித்த அதே நிமிடத்தில் வந்து செல்லுமாறு அட்டவணை வகுத்தனர். மலைக்கிராமங்களுக்குச் செல்லும் அஞ்சல் துறைப் பேருந்துகள் அவ்வட்டவணையை ஒட்டி நிலைய வாயிலில் வந்து நிற்கின்றன. இரயிலில் இறங்கியவர் சாலையைக் கடந்து பேருந்தில் ஏறுகிறார். அங்கே வெற்றி தந்தது வண்டியின் விரைவன்று; இரண்டு அட்டவணைகளை ஒரே மேசையில் வைத்து எழுதியமையே ஆகும். அதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. இரு துறையினர் ஒரு நாள் அமர்ந்து பேசினால் போதும்.

எதனை முதலில் கேட்பது?

நம் ஊர் நலச் சங்கங்களும் வணிகர் சங்கங்களும் பல்லாண்டுகளாக மனுக்கள் அளித்து வருகின்றன. இன்ன விரைவு வண்டி நம் நிலையத்தில் நிற்க வேண்டும், புதிய பாதை விரைந்து முடிய வேண்டும் என்பனவே அவற்றில் முதலிடம் பெறும் கோரிக்கைகள். அவை நியாயமானவை, அவற்றைக் கைவிடுமாறு நான் கூறவில்லை. ஆனால் வரிசையை மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இன்னும் ஒரு விரைவு வண்டி நின்றால், வாகனம் வைத்திருப்போர் சிலர்க்குச் சென்னைப் பயணம் அரை மணி நேரம் குறையும். இப்பொழுது நிற்கும் வண்டிகளுக்கு ஏற்ற பேருந்து கிடைத்தாலோ, வாகனமில்லாத அனைவர்க்கும் இரயிலே புதிதாகக் கிடைத்தது போலாகும். முன்னதற்கு இரயில்வே வாரியத்தின் இசைவு வேண்டும். பின்னது மாவட்ட எல்லைக்குள்ளேயே செய்து முடிக்கத்தக்கது. எனவே நம் மனுவின் முதல் வரியில் இருக்க வேண்டியது இதுவே: விடியலில் சென்னை செல்லும் வண்டிக்கும் இரவில் திரும்பும் வண்டிக்கும் இணைப்பாக, முத்துக்கடையிலிருந்தும் ஆற்காட்டிலிருந்தும் வாலாஜாபேட்டையிலிருந்தும் நிலையம் வரை பேருந்து ஓட வேண்டும்.

இதற்கு மறுப்புகள் எழும். பயணிகள் இல்லாமல் பேருந்து நட்டத்தில் ஓடும் என்பர். பங்கு ஆட்டோக்கள் ஆள் நிறைந்து செல்வதைக் காண்போர் அவ்வாறு கூறார். 2021ஆம் ஆண்டு மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் நடைமுறைக்கு வந்தபோது, வேலைக்கும் கல்விக்கும் வெளியே வரும் பெண்கள் அதனை எவ்வளவு ஆர்வத்தோடு பயன்படுத்தினர் என்பதைக் கண்டோம். ஆனால் கட்டணமில்லாப் பேருந்தும் வண்டி வரும் வேளையில் நிலையத்தில் இல்லையெனில் அப்பெண்ணுக்கு யாது பயன்?

இரயில் தாமதமானால் பேருந்து எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்று கேட்பர். வண்டி எங்கே வருகிறது என்பதைக் கைப்பேசியில் யாவரும் அறியும் காலம் இது. கடைசிப் பேருந்தாவது அதனைப் பார்த்துப் புறப்படலாம். ஆட்டோ ஓட்டுநர்களின் பிழைப்பு கெடும் என்னும் மறுப்பு இவற்றினும் கனமானது. அவர்களும் நம்மவரே, அவர்கள் இல்லையெனில் இன்று நிலையத்திற்கு வழியே இல்லை. பேருந்து ஓடினாலும் மூட்டை முடிச்சோடு வருபவருக்கும், நோயாளர்க்கும், தெருவாயில் வரை செல்ல வேண்டியவர்க்கும் ஆட்டோ தேவைப்படும். ஒவ்வோர் இடத்திற்கும் உரிய கட்டணத்தை ஓட்டுநர் சங்கத்தோடு கலந்து பேசித் தமிழிலும் உருதுவிலும் இந்தியிலும் நிலைய வாயிலில் எழுதி வைத்தால், பேரத்தில் வரும் மனக்கசப்பு இருபுறமும் நீங்கும்.

சராயும் சுமைதாங்கியும்

வழிப்போக்கரின் வசதியைத் தம் கடமையாகக் கொள்வது நம் மண்ணுக்குப் புதிதன்று. பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்களைக் காணலாம். தலைச்சுமையோடு வருபவர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி வைத்துப் பின் எடுத்துச் செல்லும்படி, நிற்கும் மனிதனின் உயரத்தை அளந்து அக்கல்லை நட்டனர். கருவுற்ற நிலையில் மாண்ட பெண்களின் நினைவாக அவற்றை எழுப்புவது வழக்கம். வலுவற்றவரின் உடலை அளவுகோலாகக் கொண்டு பொது வசதியை அமைக்க வேண்டும் என்று இன்றைய சட்டம் கூறுவதை அக்கல் என்றோ செய்து காட்டிவிட்டது.

மேல்விஷாரத்தில் 1863ஆம் ஆண்டு பிறந்து தோல் வணிகத்தில் உயர்ந்த வள்ளல் நவாப் சி. அப்துல் ஹக்கீம் சாகிப் அவர்களின் பெயரை இப்பகுதியில் அறியாதார் இலர். ஆற்காடு, ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதித் தோல்கள் சென்னைப் பெரியமேட்டுச் சந்தைக்குச் சென்ற காலம் அது. வணிகரும் தொழிலாளரும் நோயாளரும் சென்ட்ரல் நிலையத்தில் இறங்கித் தங்குமிடமின்றித் தவித்ததைக் கண்டு, அந்நிலையத்தின் எதிரிலேயே முஸாபிர்கள் தங்குவதற்குச் சித்தீக் சராய் என்னும் விடுதியை அவர் எழுப்பினார். அதே பகுதியில் சவலை இராமசாமி முதலியாரின் சத்திரமும் எழுந்தது. இருவரும் வெவ்வேறு சமயத்தவர். எனினும் அறம் செய்யத் தேர்ந்தெடுத்த இடம் இரயில் நிலையத்தின் வாயில். ஊர் விட்டு ஊர் வந்தவன் மிகவும் தளர்ந்து நிற்கும் இடம் அதுவே என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

அரசின் கடமையைச் செல்வரின் ஈகையால் ஈடுசெய்துவிடலாம் என்பது இதன் பொருளன்று. பேருந்தும் சாய்தளமும் மின்தூக்கியும் குடிமக்களின் உரிமை. அவற்றைக் கேட்டே பெற வேண்டும். ஆயினும் உரிய இசைவு பெற்று ஒரு நிழற்குடை, ஓர் இருக்கை, ஒரு விளக்கு, இரண்டு சக்கர நாற்காலிகள் ஆகியவற்றை வழங்குவது ஜமாஅத்துகளுக்கும் தொழிலதிபர்களுக்கும் இயலாததன்று. காலணித் தொழிற்சாலைகள் தம் பணியாளர்க்கென ஓட்டும் வாகனங்களின் நேரத்தையும் வழியையும் சிறிது மாற்றி, இரயிலில் வரும் பெண்களை நிலையத்திலேயே ஏற்றிக்கொள்ளச் செய்வதும் பெருஞ்செலவாகாது.

மாணவர்களுக்குரிய பணி இவற்றினும் முதன்மையானது. மனு எழுதுவோர் பலர். கணக்கோடு எழுதுவோர் சிலர். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஒரு வாரம் முறைவைத்து நிலைய வாயிலில் அமரட்டும். எந்த வண்டியில் எத்தனை பேர் இறங்கினர், அவர்களுள் பெண்கள் எத்தனை பேர், முதியோர் எத்தனை பேர், அவ்வேளையில் பேருந்து இருந்ததா, எவ்வளவு நேரம் காத்திருந்தனர், எவ்வளவு கட்டணம் தந்தனர், எத்தனை படிகள் ஏறினர், சாலையில் எந்த இடத்தில் விளக்கு இல்லை என்பனவற்றைக் குறித்துக்கொள்ளட்டும். பார்வையற்ற மாணவர் ஒருவரையும் முதியவர் ஒருவரையும் உடன் அழைத்துச் சென்று அவர்கள் கூறுவதையும் எழுதட்டும். அக்கணக்கைத் தமிழ்த்துறை மாணவர்கள் தெளிவான நல்ல தமிழில் அறிக்கையாக்கட்டும். கல்லூரியின் பெயரால் அவ்வறிக்கை மாவட்ட ஆட்சியரிடமும், இரயில்வே கோட்ட மேலாளரிடமும், போக்குவரத்துக் கழகத்தின் பொது மேலாளரிடமும் ஒரே நாளில் சேரட்டும். மூவரையும் ஒரே மேசையில் அமருமாறு நம் பெரியோர்கள் அழைக்கட்டும். எவரும் இதுவரை எடுக்காத கணக்கை எடுத்துக் காட்டும் கல்லூரியின் சொல்லுக்கு அம்மேசையில் மதிப்பிருக்கும்.

நிலையத்தின் பெயர்ப்பலகையில் 'ரோடு' என்னும் சொல் இருந்துவிட்டுப் போகட்டும், அது வரலாறு. விடியல் வண்டிக்குப் புறப்படும் மாணவியும், இரவு வண்டியில் திரும்பும் தொழிலாளியும், மனுவோடு வந்திறங்கும் மூதாட்டியும் அந்த ரோட்டில் துணையின்றி நிற்கும் நிலையை மாற்றுவது நம் கையில் உள்ளது. இவ்வாண்டே அப்பணியைத் தொடங்குவோமாக.